பத்து விரல்களில் ஒரு சந்தை நடனம்

நோயுற்றவர் அருகில் மெல்லிசைதான் ஒலிக்க வேண்டுமா, துள்ளல் இசை ஆகாதா என்று உறவினர் சிலர் எங்களிடம் வினவுவதுண்டு. அவர்களுக்காக, இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும் ஒரு பியானோ இசையை இங்கே அறிமுகம் செய்கிறோம்.

ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி, கோகோலின் கதையொன்றைத் தழுவி ‘சொரோச்சின்ட்ஸி சந்தை’ என்னும் ஓபராவை இயற்றத் தொடங்கினார். உக்ரைன் நாட்டுப்புற நடனமான கோபாக் அதில் இடம்பெறுகிறது; இளைஞர்கள் குதித்தும் குந்தியும் ஆடும் ஆட்டம் அது. ஆனால் ஓபரா முற்றுப்பெறவில்லை. நெடுநாள் மதுப்பழக்கத்தால் உடல் சீர்குலைந்த முசோர்க்ஸ்கி, 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வலிப்புக் கண்டு, பீட்டர்ஸ்பர்க் நகரின் இராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். படைவீரர் அல்லாதவருக்கு அங்கே இடமில்லை. ஆகவே பெர்ட்டென்சன் என்னும் மருத்துவர் அவரைத் தம் ஏவலாளாகப் பதிவேட்டில் காட்டி இடம் பெற்றுத் தந்தார். (விதிமுறை நோக்கில் இதை நாங்கள் பரிந்துரைக்க இயலாது, மனம் மட்டும் பாராட்டுகிறது.) அங்கேயே ஓவியர் ரெப்பின் அவரை வரைந்தார். கலைந்த தலைமுடியையும் சிவந்த முகத்தையும் அவர் மறைக்கவில்லை. சில நாட்களில், 42ஆம் வயதில், முசோர்க்ஸ்கி காலமானார். ஓபராவைப் பின்னர் பிறர் நிறைவு செய்தனர்.

1917இன் இறுதியில் தாயகத்தைவிட்டு வெளியேறிய ரஹ்மானினோவ், 1924இல் இந்த நடனத்தைப் பியானோவுக்கு மாற்றியமைத்தார். இசைக்குழு முழுவதும் சேர்ந்து வாசிப்பதைப் பத்து விரல்களுக்குள் அடக்குவது எளிதன்று. இடக்கை தரையில் பதியும் காலடிகளாகத் தாளத்தைத் தாங்க, வலக்கையில் மெட்டுத் துள்ளுகிறது. ரஹ்மானினோவும் நோயறிந்தவரே. 1897இல் முதல் சிம்பொனி தோல்வியுற்றதும் மனம் சோர்ந்து எழுத இயலாமல் தவித்தார். 1900இல் டால் என்னும் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றபின் எழுதிய இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார்.

எனவே, துள்ளல் இசை ஆகாது என்று நாங்கள் சொல்வதில்லை. நோயாளி விரும்பினால் கேட்கட்டும். ஆனால் இதன் வேகத்திற்கு நடைபழக வேண்டாம். நடைப்பயிற்சிக்கு உரிய நிதானமான தாளத்தை இயன்முறை மருத்துவர் தேர்ந்து தருவார். பொது வார்டில் இருப்போர் காதொலிப்பானைப் பயன்படுத்துக. அடுத்த கட்டிலில் இருப்பவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கக்கூடும்.