ஷாஃப்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி

ஹூக்ஸ் ஜாயின்ட் டெரிவேஷனை மெக்கானிக்கல் பசங்க எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதியிருப்போம். நானும் எழுதினேன், மார்க்கும் வந்துச்சு. ஆனா அது நிஜமாவே புரிஞ்சது போன பொங்கல் லீவுலதான், அப்பாவோட லாரிக்கு அடியில படுத்திருந்தப்போ.

எங்க ஊர் நாமக்கல் பக்கம். அப்பா ஓட்டுறது கோழித்தீவனம் ஏத்துற சின்ன லாரி. கிளட்ச்சை விட்டா 'டொக்'னு ஒரு சத்தம், வேகம் எடுத்தா ஃப்ளோர்ல அதிர்வு. ஷாஃப்டைக் கையால திருப்பிப் பார்த்த அப்பா, "கிராஸ் போயிருச்சு"ன்னார். "நாமளே மாத்திடலாம்பா"ன்னு நான்தான் ஆரம்பிச்சேன்.

கியர்பாக்ஸ் சேசிஸோட நிக்குது. பின் ஆக்சில் பட்டையோட சேர்ந்து மேலயும் கீழயும் ஆடுது. ரெண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால், நடுவில் உள்ள ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். கூட்டல் குறி மாதிரி ஒரு கிராஸ், அதோட நாலு நுனியிலும் ஊசி பேரிங் வெச்ச கப். கிரீஸ் வத்தினா ஊசிகள் தேய்ஞ்சு லூஸ் ஆயிடும். அந்த 'டொக்' அதுதான்.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "கட்டை வெச்சியா?" ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்லயும் விட்டிருக்கேன்னு சொன்னேன். அவர் பேசாம நாலு கட்டை எடுத்துட்டு வந்து பின் சக்கரங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெச்சார். ஃபிளாஞ்சோட கடைசி போல்ட்டைக் கழட்டி ஷாஃப்டை விடுவிச்சதும், லாரி ஒரு இன்ச் நகர்ந்து கட்டையில் முட்டி நின்னுச்சு. நான் அடியில படுத்திருந்தேன்.

காரணம் ரொம்ப சிம்பிள். கியர் சக்கரத்தைப் பிடிக்கிறது இந்த ஷாஃப்ட் வழியாத்தான். எங்க லாரியில் ஹேண்ட் பிரேக் டிரம்மும் கியர்பாக்ஸுக்குப் பின்னாடிதான் இருக்கு, அதுவும் ஷாஃப்ட் வழியாத்தான் பிடிக்கும். ஷாஃப்டைக் கழட்டினா ரெண்டும் ஒரே நேரத்துல போயிடும். அதனால சமமான தரை, சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம்தான் ஸ்பேனர்.

மத்த வேலை பொறுமையா செஞ்சா வரும். சர்க்ளிப்பை எடுத்துட்டு, வைஸில் ஒரு பக்கம் சின்ன சாக்கெட், எதிர்ப்பக்கம் கப் உள்ளே போற அளவுக்குப் பெரிய சாக்கெட் வெச்சு அழுத்தினா பழைய கப் வெளியே வரும். யோக் ஓட்டையைத் துடைச்சு எமரி பேப்பரால் லேசா தேய்ங்க. புது கப்பை நேரா அழுத்துங்க. கப் முழுசா உட்காராம சர்க்ளிப் பள்ளம் தெரியலைன்னா, உள்ளே ஒரு ஊசி சாய்ஞ்சு விழுந்திருக்கலாம். சுத்தியலால் அடிக்காதீங்க, வெளியே எடுத்துப் பாருங்க. கிரீஸ் நிப்பிள் கன் எட்டுற பக்கம் இருக்கணும். கடைசியா, நாலு சீல்லயும் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிங்க.

எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தா, அதிர்வு முன்னைவிட ஜாஸ்தி! அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா மறுநாள் காலை நாலு மணிக்கு லோடு இருந்துச்சு.

அப்போதான் அந்த டெரிவேஷன் ஞாபகம் வந்துச்சு. 10 டிகிரி கோணத்தில் 1500 ஆர்.பி.எம். உள்ளே போனா, வெளியே சீரா 1500 வராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை 1477-க்கு இறங்கி 1523-க்கு ஏறும். இரண்டாவது ஜாயின்ட் இதைச் சரிக்கட்டும். அதுக்கு ரெண்டு முனையிலும் கோணம் சமமா இருக்கணும், ஷாஃப்டோட ரெண்டு யோக்கும் ஒரே தளத்தில் இருக்கணும். நாங்க ஸ்லிப் ஜாயின்ட்டை உருவி எடுத்து, மறுபடி மாட்டும்போது ஸ்ப்ளைன்ல பல் மாத்திப் போட்டுட்டோம். கழட்டுறதுக்கு முன்னாடி பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தா இது நடந்திருக்காது.

டார்ச் வெளிச்சத்தில் மறுபடி கழட்டி, யோக் ரெண்டையும் நேராக்கி மாட்டினோம். ராத்திரி பதினோரு மணிக்கு லாரி அதிர்வில்லாம ஓடுச்சு.

எக்ஸாம்ல நான் வரைஞ்ச படத்தில் அந்த ரெண்டு யோக்கும் நேராத்தான் இருந்துச்சு. ஏன்னு நான் கேட்டதே இல்லை. அந்தப் படத்தில் கட்டையும் கிடையாது. வீட்ல செஞ்சு பார்க்கப் போறீங்கன்னா, முதல்ல கட்டை, அப்புறம் கோடு. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.