ஈயப் படைவீரரும் ஓய்வுநேரமும்: சிற்றுருவ விளையாட்டு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

விளையாட்டுப் பொருள்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு ஆராயும் வழக்கம் எம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. இலக்கியத்தையும் நாடகத்தையும் அவை தோன்றிய சமூகத்தோடு பொருத்தி நோக்கப் பழகியுள்ள நாம், மனிதர் தம் ஓய்வுநேரத்திற் கையிலெடுக்கும் பொருள்களை அவ்வாறு நோக்கத் தயங்குகிறோம். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வளர்ந்தோர் பலர் ஈடுபடும் ஒரு பொழுதுபோக்கை இங்கு எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஓர் அங்குல உயரமுள்ள போர்வீரர், குதிரைகள், பூதங்கள் ஆகியவற்றின் உருவங்களை அவர்கள் வாங்கிச் சேர்க்கின்றனர்; நுண்ணிய தூரிகை கொண்டு வாரக்கணக்கில் அவற்றுக்கு வர்ணந் தீட்டுகின்றனர்; பின்னர் மேசைமீது குன்றும் வேலியும் அமைத்து, அளவுநாடாவும் தாயக்கட்டையும் துணையாக அவற்றைப் பொருதவிடுகின்றனர். இதனை முற்போக்கு நண்பரிடையே கூறினால், இது இராணுவ மனப்பான்மையின் ஊற்று என்பார் ஒருவர். வளர்ந்தவரின் பிள்ளைத்தனம் என்பார் இன்னொருவர். முதலாவது கருத்தையே நாமும் நெடுங்காலம் கொண்டிருந்தோம். அது முற்றிலும் பிழையன்று. ஆயின் போதுமானதும் அன்று.

இவ்விளையாட்டின் ஒரு வேர் ஆளும் வர்க்கத்தின் அறைக்குள்ளேயே கிடக்கிறது. இந்தியாவிலே தோன்றிப் பாரசீகர், அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த சதுரங்கத்தை விரித்து, பிரவுன்ஷ்வைக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்பவர் 1780இல் ஒரு போர் ஆட்டத்தை வெளியிட்டார். பல்வகை நிலங்களும் அதன் கட்டங்களில் இடம்பெற்றன. 1812இல் பிரஷ்ய மன்னனுக்கு றைஸ்விற்ஸ் பிரபு நிலவுருக்களை மாற்றியமைக்கத்தக்க மேசையொன்றைச் செய்து அளித்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் முழுமையான விதிகளை அச்சிட்டபோது, கட்டங்கள் மறைந்து படைவரைபடமே களமாயிற்று. வேட்டின் நிச்சயமின்மையைத் தாயக்கட்டை குறித்தது. நடுவர் ஒருவர் தீர்ப்பளித்தார். பிரஷ்யப் படைத் தலைமை இதனை விளையாட்டாகவன்றிப் பயிற்சியாகவே ஏற்றது. 1870-71ஆம் ஆண்டுப் போரிலே பிரான்ஸ் தோற்றபின் பிற நாட்டுப் படைகளும் அதைப் பின்பற்றலாயின. இவ்வாட்டத்தில் போர்வீரனுக்கு முகம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. நூற்றுக்கணக்கான மனிதர் ஒரு சிறு கட்டையாக நின்றனர். இழப்பு கணக்கேட்டில் எழுதப்பட்டது.

முகமுள்ள வீரன் பட்டறையிலிருந்து வந்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூரம்பேர்க் நகரில் ஹில்பேர்ட் முதலிய கைவினைஞர், கற்பலகையிற் செதுக்கிய அச்சுகளில் வெள்ளீயத்தை வார்த்துத் தட்டையான உருவங்களைச் செய்தனர். தொழில் பெருகியபோது வர்ணந் தீட்டும் வேலை குடிசைகளுக்குச் சென்றது. பெண்களும் சிறுவரும் எண்ணிக்கைக் கூலிக்கு அதனைச் செய்தனர். 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் குடும்பத் தொழிலகம் புதிய வார்ப்பு முறையொன்றைக் கையாண்டது. உருகிய ஈயக்கலவையை அச்சினுள் ஊற்றி, சுவரோடு ஒட்டிய படலம் இறுகிய கணத்திலேயே எஞ்சியதை வெளியே கொட்டிவிடுவர். உருவம் உள்ளீடற்றதாய் அமையும், உலோகம் மிச்சமாகும், பாரமும் குறையும். திண்மமான ஜேர்மன் உருவங்களோடு விலையிற் போட்டியிட இதுவே வழி செய்தது. ஆயின் ஒவ்வொன்றுக்கும் மீசையும் பொத்தானும் எழுத வேண்டியிருந்தது. அதற்கு இயந்திரம் இல்லை. அவ்வேலையைப் பெரும்பாலும் பெண்கள் தொழிலகத்திலும் வீடுகளிலும் இருந்து செய்தனர். பெட்டிமீது படைப்பிரிவின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கலாம். தீட்டியவளின் பெயர் எங்குமில்லை. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைக்கிறது என்று மார்க்ஸ் 1867இற் கூறியதற்கு இதனினும் கச்சிதமான உதாரணம் கிடைப்பது அரிது.

அப்பெட்டிகளிலே பேரரசு முழுவதும் அணிவகுத்தது. சூலு வீரரும் வங்காளக் குதிரைப்படையினரும் அங்கு உளர். மதராஸ் சுதேச காலாட்படையும் உண்டு! தென்னிந்தியச் சிப்பாய்களின் ஈய வடிவம் ஆங்கிலேயப் பிள்ளைகளின் அறைத்தளத்தில் அணிவகுத்த அதே காலப்பகுதியிலேதான், றொபேட்ஸ் பிரபு போன்ற தளபதிகளின் ‘போர்க்குலம்’ என்ற கோட்பாட்டினால், தென்னிந்தியர் போருக்கு உதவாதவரெனக் கருதப்பட்டு மெய்யான மதராஸ் படைப்பிரிவுகள் ஒதுக்கப்பட்டு வந்தன. பொம்மைக்கு இருந்த வேலையுறுதி மனிதனுக்கு இருக்கவில்லை.

இவ்விரு வேர்களையும், அதாவது தளபதியின் கணக்கையும் பிள்ளையின் பொம்மையையும், ஒன்றிணைத்த நூலை எழுதியவர் ஒரு சமவுடைமைவாதி என்பது சிந்திக்கத்தக்கது. பேபியன் கழகத்திலிருந்து 1908இல் விலகிய எச். ஜி. வெல்ஸ், 1913இல் ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். வில்விசையால் மரக்குச்சியை எறியும் பொம்மைப் பீரங்கி ஒன்றே அவ்வாட்டத்தின் கரு. தாயக்கட்டை இல்லை, குறி தப்பாமற் சுடுவதே திறமை. நூலின் முடிவில் வெல்ஸ், போரை விரும்பும் மன்னரையும் வீணரையும் இத்தகைய பொம்மைகளோடு ஓரிடத்தில் அடைத்துவிடலாம் எனக் கேலி செய்கிறார்; மெய்ப்போர் எத்துணை மூடத்தனமானது என்பதை இவ்வாட்டத்தைச் சில தடவை ஆடியவர் உணர்வர் என்றும் வாதிடுகிறார். ஆயின் அதே நூலின் பின்னிணைப்பு இராணுவத்தாருக்கு இதனை எவ்வாறு பயன்படுத்தலாமென விளக்குகிறது. அங்கு அவர் நன்றி கூறும் அதிகாரி மார்க் சைக்ஸ். மூன்றாண்டுகளின் பின், 1916இல், பிரெஞ்சு இராஜதந்திரி பீக்கோவுடன் சேர்ந்து ஒட்டோமன் பேரரசின் அராபிய நிலங்களை வரைபடத்திற் கோடிட்டுப் பங்கிட்டவர் அவரே. வெல்ஸோ 1914இல், போருக்கு முடிவு கட்டும் போர் இதுவெனப் பிரித்தானியாவின் பக்கம் நின்று எழுதினார். தனிமனிதரின் நேர்மையீனம் என்று இதனைத் தள்ளிவிட இயலாது. வரைபடத்தை மேலிருந்து நோக்கும் பார்வையை மாற்றாது, அதனைச் சமாதானத்துக்காகப் பயன்படுத்த முனைந்த குட்டிபூர்ஷ்வாச் சீர்திருத்தவாதத்தின் முரண்பாடு அது.

இடதுசாரிகளுள் இத்துறையைப் பொருட்படுத்தியவர் வேறு எவருமிலர் என்பதன்று. பிரான்சின் கீ டெபோர் 1977இல் செம்பிலும் வெள்ளியிலும் தம் போர் ஆட்டத்தின் மிகச் சில தொகுதிகளைச் செய்வித்தார். காட்சிச் சமூகத்தைச் சாடியவரின் ஆட்டம் செல்வர் வீட்டு அலங்காரப் பொருள்போல் அமைந்தமை சற்று நகைப்பூட்டுவதே.

இரண்டாம் உலகப் போரின் பின் நிலைமை மாறியது. 1959 முதல் எயார்பிக்ஸ் கம்பனியின் மலிவான பிளாஸ்டிக் உருவங்கள் எளிய குடும்பத்துப் பையன்களுக்கும் எட்டின. டாங்கிப்படையிற் பணியாற்றியவரும் தொழிலால் இயன்மருத்துவருமான டொனால்ட் பெதர்ஸ்ரோன் 1962இல் எழுதிய நூல், சிதறிக் கிடந்த ஆர்வலரை ஒரு வட்டமாக்கியது. நச்சு கருதி ஈயப் பொம்மைகள் கைவிடப்பட்டன. 1979இற் சிற்றடெல் கம்பனி தோன்றியது. 1983இல் அதன் உருவங்களுக்கென ‘வோர்ஹாமர்’ ஆட்டம் வந்தது. எதிர்காலக் கொடுங்கோற் பேரரசொன்றைச் சித்திரிக்கும் அதன் மற்றொரு வடிவம் 1987இல் வெளியாயிற்று. அப்பேரரசை அங்கதமாகவே படைத்தோம் என்று 2021இல் அக்கம்பனி அறிக்கைவிட நேர்ந்தது. அங்கதத்தை ஆராதனையாகக் கொள்வோரும் உளர் என்பதனாலேயே முதலாவது நண்பரின் கருத்து முற்றிலும் பிழையன்று என்றோம்.

ஆயினும் எமது கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. பிரிட்டனின் உருவங்கள் வர்ணத்தோடு விற்கப்பட்டன. இன்றைய உருவங்களோ பெரும்பாலும் வர்ணமின்றி, துண்டு துண்டாகச் சட்டத்தில் ஒட்டியபடி விற்கப்படுகின்றன. வாங்கியவரே வெட்டி, ஒட்டி, அடிப்பூச்சிட்டு, நீர்த்த கருவர்ணத்தை மடிப்புகளில் வழியவிட்டு நிழலாக்கி, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளைத் தடவி ஒளியேற்றி, இறுதியில் மூச்சை அடக்கிக்கொண்டு கண்மணியை ஒரு புள்ளியாக வைக்கவேண்டும். அன்று கூலிக்காகச் செய்யப்பட்டு, செய்தவளின் கண்ணையும் முதுகையும் வருத்திய வேலை இது. இன்று அதே வேலைக்கு மனிதர் பணம் கொடுக்கின்றனர்! முதலாளி கூலிச் செலவை வாங்குவோன் தலையிற் சுமத்தி, தூரிகையையும் வர்ணத்தையும் அவனுக்கே விற்கும் தந்திரம் என இதனை விளக்கலாம். அதுவும் உண்மையே. ஆனால் அவ்விளக்கம், நாள் முழுதும் அலுவலகத்தில் பிறர் வகுத்த வேலையின் ஒரு கூறினைச் செய்து திரும்பிய ஊழியன் ஏன் இரவில் விளக்கின் கீழ் மகிழ்வோடு அமர்கிறான் என்பதைச் சொல்லாது. இங்கு தொடக்கமும் முடிவும் அவன் கையில் உள. வேகத்தை அவனே வகுக்கிறான். ஆக்கியது அவனிடமே எஞ்சுகிறது. வேலை மாறவில்லை, உழைப்பின் உறவே மாறியுள்ளது. தேவையின் நெருக்குதலால் ஆகும் உழைப்பு முடியும் இடத்திலேயே சுதந்திரத்தின் அரசு தொடங்குகிறதென்றும், வேலைநாளைக் குறைப்பதே அதன் அடிப்படையென்றும் மூலதனத்தின் மூன்றாம் பாகத்திற் கூறப்பட்டதை இவ்விடத்திற் பொருத்திப் பார்க்கவேண்டும். வில்லியம் மொறிஸ் 1884இல் பயனுள்ள உழைப்பையும் பயனற்ற பாடுகளையும் பிரித்துக் காட்டியபோது வற்புறுத்திய இன்பமும் இத்தகையதே.

இவ்வார்வலரிடையே ஒரு சொல் வழங்குகிறது. வாங்கியும் வர்ணந் தீட்டப்படாது அலமாரியில் அடுக்கப்பட்டுக் கிடக்கும் பெட்டிகளை அவர்கள் ‘வெட்கக் குவியல்’ என்பர். பலர் வீட்டிலும் அது ஆண்டுதோறும் உயர்கிறது. உருவத்தை வாங்க ஒரு நிமிடம் போதும். தீட்டப் பல மாலைகள் வேண்டும். ஊதியத்தால் பண்டத்தை வாங்கலாம். அவ்வூதியத்தைப் பெறுவதற்காகவே விற்கப்பட்டுவிட்ட மாலைகளை வாங்க முடியாது. வெட்கம் தனிமனிதனின் சோம்பலுக்கு உரியதென அவன் நம்புகிறான். வேலைநாளின் நீளத்தைப் பற்றிய கேள்வி அங்கு எழுவதில்லை.

உற்பத்திப் பக்கத்திலும் போராட்டம் ஓய்ந்ததன்று. வெள்ளுலோக உருவங்களை ரப்பர் அச்சும் சுழல் இயந்திரமும் வைத்திருந்த எவரும் ஒரு கொட்டிலில் வார்க்க முடிந்தது. பிளாஸ்டிக்குக்கு வேண்டிய உருக்கு அச்சுகளோ பெருமூலதனத்தைக் கோருவன. தொழில் ஒருமுகப்பட்டமைக்கு இது முக்கிய காரணம். வோர்ஹாமரின் உரிமையாளரான கேம்ஸ் வேர்க்ஷொப் 1994இற் பங்குச் சந்தையில் இடம்பெற்று, 2024 டிசம்பரில் பிரித்தானியாவின் நூறு பெருங்கம்பனிகளின் வரிசைக்குள் நுழைந்தது. இதற்கிடையே, ஒளியால் பிசினை இறுகச்செய்து உருவம் ஆக்கும் சிறு இயந்திரங்கள் வீட்டு மேசைகளுக்கு வந்துவிட்டன. தன் கடைகளில் நடைபெறும் ஆட்டங்களுக்குத் தன் உருவங்களையே கொண்டுவரவேண்டுமென்று அக்கம்பனி விதித்துள்ளது. ஆர்வலரோ வீட்டிலே அச்சிட்டதைத் தம் சமையலறை மேசையில் வைத்து ஆடுகின்றனர். அச்சிட்டவற்றாலும் குவியல் உயர்கிறது.