மழை பெய்தால் கம்பளிப்பூச்சிகள் ஏன் கூட்டமாகச் சாகின்றன?

அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் ஓக் மரங்களை மொட்டையடிக்கும் ஓர் அந்துப்பூச்சி உண்டு. 1860களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டது அது. ஆனால், ஈரமான வசந்தகாலங்களில் அதன் புழுக்கள் மரத்தண்டுகளிலேயே தலைகீழாகத் தொங்கிச் செத்துக் கிடக்கின்றன. கொன்றது யார்?

'என்டமோஃபேகா மைமைகா' என்ற பூஞ்சை. ஜப்பானிலும் காணப்படும் இது, 1989இல் அமெரிக்கக் காடுகளில் பரவியிருப்பது தெரியவந்தது.

எப்படிக் கொல்கிறது? பூஞ்சையின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும். வசந்த மழையில் விழித்து, புழுவின் மேல் ஒட்டி, தோலைத் துளைத்து உள்ளே நுழையும். உடலைத் தின்றே வளரும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் புழு சாகும்.

அடுத்ததுதான் வியப்பு! நீர் பட்டதும் விதைகளைச் சிதறடிக்கும் பட்டாசுக்காயைப் பார்த்திருப்பீர்களே? அதுபோல, ஈரக்காற்றில் செத்த புழுவிலிருந்து புதிய வித்துகள் தெறிக்கும். காற்று அவற்றைத் தொலைவுக்குக் கொண்டுபோகும். பருவ முடிவில், உறங்கும் வித்துகள் மறுபடி மண்ணில் சேரும்.

பல பூச்சிமருந்துகள் கண்ணில் படும் பூச்சிகளையெல்லாம் கொல்லும். இப்பூஞ்சையோ பெரும்பாலும் இந்தப் புழுவையே குறிவைக்கிறது. மழை பொய்த்தால் மட்டும் புழுக்களின் கை ஓங்கிவிடும்.