விடியற்கால வண்டியும் ஒன்பது மணி பால்வாடியும்

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துக் காலனிகளில் விடிவதற்கு முன்பே சரக்கு வண்டி வந்து நின்றுவிடும். குச்சிக்கிழங்கு பிடுங்க, களையெடுக்க, கோழிப்பண்ணையில் முட்டை எடுக்க என்று பெண்கள் ஏறிக்கொள்வார்கள். பால்வாடி திறக்க ஒன்பது மணி ஆகும். அதுவரை குழந்தை யாரிடம் இருக்கும்? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையென்றால் ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற அக்கா. தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பால்வாடியில் விட்டுவிட்டு அவள் பள்ளிக்குப் போவதற்குள் முதல் பாடவேளை முடிந்திருக்கும். தம்பிக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றால் அந்த வழியும் இல்லை. அந்த வயதுக்குச் சத்துமாவைத்தான் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள், குழந்தையை வைத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு அக்காவுக்கும் பள்ளிக்கூடம் இல்லை.

குழந்தைகள் காப்பகம் என்றாலே நகரத்து அலுவலகப் பேச்சு என்று நினைக்கிறோம். 2017-ல் திருத்திய மகப்பேறு பயன் சட்டம், 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது. நாளுக்கொரு காட்டில் கூலி வாங்கும் பெண்ணை எந்த முதலாளியின் 50 பேரில் சேர்ப்பது?

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு வழி சொல்லியிருந்தார்கள். பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் அதே கூலி தரவேண்டும். நான் பார்த்த இடங்களில் வேப்பமரத்தில் தூளி கட்டியதோடு சரி.

பால்வாடி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஊர்த்தெரு வழியாகப் போகவேண்டும் என்பதற்காகவே குழந்தையை அனுப்பாத வீடுகள் உண்டு. உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-ல் தந்த உத்தரவு இதற்கு உதவும். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தரவேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை.

நேரத்தை மாற்ற முடியுமா? குஜராத்தின் கேடா மாவட்டத்தில் புகையிலை வேலைக்குப் போகும் பெண்களுக்காக, அவர்கள் வேலை நேரத்தை ஒட்டியே சேவா அமைப்பு காப்பகங்களை நடத்திக் காட்டியது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டம் ஆறு மாதக் குழந்தையிலிருந்தே ஏற்கிறது. நாளைக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள். எப்போது திறப்பது என்பதைப் பெரும்பாலான தாய்மாரின் வேலையைப் பொறுத்து வைத்துக்கொள்ளலாம். காலை ஐந்தரைக்குத் திறந்தால் பகல் ஒரு மணிக்கு மூடலாம். ஒரு நேர வேலைக்குப் போகிறவர்கள் அதற்குள் திரும்பிவிடுவார்கள்.

கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் காலனியில் ஒரு மாலை வீடு வீடாகப் போனால் கணக்கு எடுத்துவிடலாம். குழந்தையின் வயது, தாய் ஏறும் வண்டி எத்தனை மணிக்கு, திரும்புவது எப்போது, வீட்டில் வைத்திருப்பது யார், அந்த அக்கா எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என எல்லாவற்றையும் எழுதுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாளில் அந்தத் தாளோடு போங்கள். கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.