மழை நேரம் இடம் மாறாமல் இருக்க: ஜாவாஸ்கிரிப்டிலிருந்து தரவுத்தளத்துக்கு

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது, திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. வானிலைக் கணக்கில் இது 18-ஆம் தேதி மழை. ஆனால் அந்த 24 மணியில் பதினைந்தரை மணி நேரம் 17-ஆம் தேதிக்குரியது. மழை எப்போது கொட்டியது, பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் நீர் எப்போது திறக்கப்பட்டது என்று ஒப்பிடுகிறவருக்கு, நேரம் சற்று நகர்ந்தாலும் முன்னது பின்னதாகிவிடும். ஆகவே இத்தகைய அளவீடுகளைச் சேமிக்கும் முறையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஜாவாஸ்கிரிப்டின் ‘டேட்’ வைத்திருப்பது ஓர் எண் மட்டுமே: உலகப் பொது நேரப்படி (யுடிசி) 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கணக்கிட்ட மில்லி விநாடிகள். ஊரோ நேர மண்டலமோ அதில் இல்லை. “2023-12-18” என்று தேதியை மட்டும் கொடுத்தால், அதை யுடிசி நள்ளிரவாக, அதாவது நம் காலை 5.30 மணியாக எடுத்துக்கொள்ளும். மணியையும் சேர்த்துக் கொடுத்து மண்டலத்தை விட்டுவிட்டால், அந்தந்தக் கணினியின் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். பாளையங்கோட்டைக் கணினியில் 8.30 சரியாகவே இருக்கும். யுடிசியில் ஓடும் சர்வரில் அதே ஸ்டிரிங் நம் பிற்பகல் 2 மணியாகிவிடும். எனவே ஒவ்வோர் அளவீட்டையும் “+05:30” சேர்த்தே அனுப்புங்கள்.

அடுத்தது தரவுத்தளம். போஸ்ட்கிரெஸ்ஸில் ‘டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்’ நெடுவரிசை, வந்த நேரத்தை யுடிசிக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். ‘வித்தவுட் டைம் ஸோன்’ வகையோ, நீங்கள் எழுதிய +05:30-ஐ எச்சரிக்காமலே புறக்கணித்துவிடும். மைஎஸ்க்யூஎல்லில் ‘டேட்டைம்’ மண்டலம் எதையும் வைத்துக்கொள்ளாது. ‘டைம்ஸ்டாம்ப்’ யுடிசிக்கு மாற்றும். ஆனால் 2038 ஜனவரி 19-க்கு அப்பால் செல்லாது.

நாள்வாரியாகத் தொகுக்கும்போது, யுடிசி ஸ்டிரிங்கின் முதல் பத்து எழுத்துகளை வெட்டித் தேதியாக எடுப்பது பரவலான பிழை. நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை பெய்த மழை முந்தைய நாளில் ஏறிவிடும். ‘ஆசியா/கொல்கத்தா’ மண்டலத்துக்கு மாற்றிய பிறகே தேதியை எடுங்கள். மழையளவு ஒரு காலப்பகுதிக்குரியது என்பதால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள்.

பிறந்த தேதி வேறு வகை. அது ஒரு நாளைக் குறிக்கிறது, ஒரு கணத்தை அல்ல. எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-இல் பிறந்த பாரதியின் தேதியை, இந்திய நேரத்தில் இயங்கும் கணினியில் நள்ளிரவு ‘டேட்’ ஆக்கி யுடிசிக்கு மாற்றினால், டிசம்பர் 10, 18:38:50 என்று வரும். 1870 முதல் 1905 வரையிலான தேதிகளுக்குக் கணினியின் மண்டலத் தரவு, யுடிசியைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முந்திய சென்னை நேரத்தைப் பயன்படுத்துகிறது. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, போர்க்காலத்தில், இந்திய நேரம் ஆறரை மணி முன்னே இருந்தது. ஆகவே ஐந்தரை மணியைக் கையால் கூட்டிச் சரிசெய்வதும் எல்லாத் தேதிக்கும் பொருந்தாது. பிறந்த தேதியை ‘டேட்’ வழியாக அனுப்பாமல், ஸ்டிரிங்காகவே தரவுத்தளத்தின் தேதி நெடுவரிசையில் சேருங்கள்.

பயன்பாட்டுக்கு விடும்முன் ஒரு சோதனை செய்யுங்கள். சர்வரை யுடிசியில் ஓடவிட்டு, நள்ளிரவு 12.15 மணி அளவீடு ஒன்றைச் சேமித்துத் திரும்ப எடுங்கள். தேதியும் மணியும் மாறாமல் வந்தால் உங்கள் பதிவேட்டை நம்பலாம்.