நிமோடிபின்

நிமோடிபின் என்பது கால்சியம் வழித் தடுப்பிகள் என்னும் மருந்து வகையைச் சேர்ந்த ஒரு மருந்து ஆகும். மூளையைச் சுற்றியுள்ள சிலந்தியுருப் படலத்தின் கீழ் குருதிக்கசிவு ஏற்பட்ட நோயாளிகளுக்கு, சில நாட்களின் பின்னர் மூளைக் குருதிக்குழாய்கள் சுருங்குவதால் விளையும் பாதிப்பைக் குறைக்க இது வழங்கப்படுகிறது. இதனை உருவாக்கியது செருமனியின் பேயர் நிறுவனம். ஐக்கிய அமெரிக்காவில் 1988 இல் இதற்கு ஒப்புதல் வழங்கப்பட்டது.

நோயின் தன்மை

இவ்வகைக் குருதிக்கசிவு பெரும்பாலும் தமனிச் சுவரில் உண்டாகும் பலூன் போன்ற புடைப்பு வெடிப்பதால் ஏற்படுகிறது. இப்புடைப்பு அனியூரிசம் எனப்படும். இது அறுவை மருத்துவத்தாலோ குழாய்வழி மருத்துவத்தாலோ அடைக்கப்பட்ட பின்னரும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. தமனிகளைச் சூழ்ந்து உறைந்த குருதி சிதையும்போது வெளிப்படும் பொருட்கள் தமனிகளைச் சுருங்கச் செய்கின்றன. இச்சுருக்கம் பொதுவாக மூன்றாம் அல்லது நான்காம் நாளில் தொடங்கி, ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை உச்சமடைந்து, இரண்டு அல்லது மூன்று வாரங்களில் தணிகிறது. முதற் கசிவிலிருந்து தப்பித் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளிக்கும் இக்காலத்தில் மூளைக்குக் குருதி குறைந்து கை கால் செயலிழப்போ உணர்வு மங்கலோ ஏற்படலாம். கதிர்ப்படங்களில் இச்சுருக்கம் 1951 இல் எக்கர், ரீமன்சினைடர் ஆகியோரால் விவரிக்கப்பட்டது.

செயல்படும் விதம்

குருதிக்குழாய்ச் சுவரிலுள்ள மழமழப்பான தசை சுருங்குவதற்குக் கால்சியம் அயனிகள் உயிரணுவினுள் நுழைதல் வேண்டும். நிமோடிபின் எல்-வகைக் கால்சியம் வழிகளை அடைத்து இந்நுழைவைக் குறைக்கிறது. இது கொழுப்பில் எளிதாகக் கரைவதால் குருதி-மூளைத் தடையைக் கடக்க வல்லது.

எனினும் மருந்தின் பயனுக்கு முழு விளக்கம் இதுவன்று. மருந்து பெற்றோரின் நிலை மேம்பட்ட போதிலும், கதிர்ப்படங்களில் பெரிய தமனிகளின் சுருக்கம் அதே அளவுக்குக் குறைந்ததாகக் காணப்படவில்லை. படத்தில் புலப்படாத நுண்தமனிகளை விரிவித்தல், நரம்பணுக்களினுள் கால்சியம் மிகுவதைத் தடுத்தல் ஆகியவை காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

ஆய்வுகள்

இம்மருந்தின் பயனை ஆராய்ந்த முதன்மையான ஆய்வு 1983 இல் அமெரிக்காவில் வெளியானது. 1989 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 554 நோயாளிகள் பங்கேற்றனர். மூளைத்திசு இறப்பு மருந்து பெறாதோரில் 33 விழுக்காடாகவும், பெற்றோரில் 22 விழுக்காடாகவும் இருந்தது. இதே நோக்கில் ஆராயப்பட்ட நிகார்டிபின் என்னும் மற்றொரு தடுப்பி, குழாய்ச் சுருக்கத்தைக் குறைத்தபோதும், நோயாளிகளின் இறுதி நிலையில் தெளிவான மேம்பாட்டைக் காட்டவில்லை. படத்தில் குழாய் விரிவதும் நோயாளி நலமடைவதும் ஒன்றல்ல என்பதை இவ்விரு மருந்துகளும் உணர்த்துகின்றன.

குருதிக்குழாய் அடைப்பால் ஏற்படும் பக்கவாதத்தில் நிமோடிபின் பயனளிப்பதாக நிறுவப்படவில்லை.

வழங்கும் முறை

வழக்கமான அளவு நான்கு மணிக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் ஆகும். குருதிக்கசிவு ஏற்பட்ட 96 மணி நேரத்துக்குள் தொடங்கி, 21 நாட்கள் இரவு பகலாக வாய்வழியாகத் தரப்படுகிறது. மருந்து உடலிலிருந்து விரைவாக நீங்குவதே இவ்வளவு குறுகிய இடைவெளிக்குக் காரணம். கல்லீரல் சுருக்க நோய் உள்ளோருக்கு அளவு 30 மில்லிகிராமாகக் குறைக்கப்படுகிறது.

பக்க விளைவுகளும் எச்சரிக்கைகளும்

முதன்மையான பக்க விளைவு குருதி அழுத்தம் குறைதல் ஆகும். ஏற்கெனவே குறுகிய குழாய்களின் வழியே குருதி செல்வதற்குப் போதிய அழுத்தம் தேவை. ஆதலால் அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் மருந்தே தீங்காகிவிடும். அந்நிலையில் இரண்டு மணிக்கு ஒருமுறை 30 மில்லிகிராம் எனப் பிரித்துத் தருவதுண்டு. கிளாரித்ரோமைசின், கீட்டோகொனசோல் போன்ற மருந்துகளும் பப்ளிமாசு வகையைச் சேர்ந்த கிரேப் பழத்தின் சாறும் குருதியில் நிமோடிபின் அளவைக் கூட்டுவதால் அவை தவிர்க்கப்பட வேண்டும்.

விழுங்க இயலாதோருக்குக் குளிகையினுள் உள்ள நீர்மம் ஊசிக்குழலால் உறிஞ்சப்பட்டு மூக்குவழிக் குழாயில் செலுத்தப்படுவது வழக்கம். அந்நீர்மம் தவறுதலாகச் சிரையில் ஏற்றப்பட்டதால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. இதனால் 2006 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருந்தின் விவரத்தாளில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. 2013 இல் வாய்வழிக் கரைசல் வடிவத்துக்கும் அங்கு ஒப்புதல் கிடைத்தது. ஐரோப்பிய நாடுகளில் சிரைவழி செலுத்துவதற்கெனத் தனியே தயாரிக்கப்பட்ட வடிவம் உண்டு. அது குளிகையிலுள்ள நீர்மத்திலிருந்து வேறானது.

இவற்றையும் பார்க்க

- கால்சியம் வழித் தடுப்பி
- அனியூரிசம்
- பக்கவாதம்
- குருதி-மூளைத் தடை