வயிற்றுக் கொழுப்பும் இரத்தக் குழாய் அழற்சியும்

1895ஆம் ஆண்டு பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. இன்று கூடலூர் முதல் சின்னமனூரைக் கடந்தும் 14,707 ஏக்கர் நிலம் அந்நீரால் இருபோகம் விளைகின்றது. சோளச் சோறும் கம்பங்கூழும் உண்ட கதையை நன்னிமார் சொல்லத்தான் நாம் கேட்டிருக்கின்றோம். நமது தட்டிலோ மலையாய்க் குவிவது வெள்ளைச் சோறு. வயலில் இறங்கி உழைத்த உடம்புக்கு அது வலுவூட்டியது. கடைக் கல்லாவில் அமர்ந்திருக்கும் உடம்பிலோ அது வயிற்றுக் கொழுப்பாய்ப் படிகின்றது.

அந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. குடலைச் சுற்றிப் பருத்த கொழுப்பணுக்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் ‘சி.ஆர்.பி.’ என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றது. இரத்தக் குழாயின் உட்சுவர் வழவழப்பை இழக்க, அங்கே கெட்ட கொழுப்பு ஒட்டித் திட்டாகின்றது. அதே அழற்சி இன்சுலினின் வேலையையும் கெடுக்கின்றது. சர்க்கரை நோயும் மாரடைப்பும் ஒரே வீட்டில் குடியேறுவது இதனால்தான். காய்ச்சலும் வலியும் இல்லாத இந்த அழற்சியை உடையவர் உணர்வதே இல்லை.

நம் மக்கள் பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளி நிற்பதைக் காண்கின்றோம். ஆகவே தராசை விட அளவு நாடாவே நமக்கு உண்மை சொல்லும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை தேவை.

எடை குறைந்தால் பயன் உண்டா? 33 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கணக்கின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் சி.ஆர்.பி. லிட்டருக்குச் சுமார் 0.13 மில்லிகிராம் குறைகின்றது. சென்னையில் பருமனானவர்களுக்கு மூன்று மாதம் வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தீட்டாத அரிசி கொடுத்துப் பார்த்தனர். 2019இல் வெளியான அம்முடிவு அற்புதம் எதையும் காட்டவில்லை. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகிய கோளாறுகள் சேர்ந்திருந்தோரிடம் சர்க்கரையின் சராசரி சற்றே இறங்கியது. எடை மிகுந்தோரிடம் சி.ஆர்.பி. சிறிது தணிந்தது. அரிசியை மாற்றிவிட்டு அளவைக் குறைக்காதவர் ஏமாந்து போவார் என்பதே எமது கருத்து.

இதை விட ஊக்கமளிப்பது 2006இல் வெளியான மற்றொரு சென்னை ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் திருத்தியவர்களில் அது 39.3 விழுக்காடு. இத்தனைக்கும் அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவில்லை!

எனவே சகோதரிகளே, சட்டி உங்கள் கையில்தான் இருக்கின்றது. சோற்றைப் பாதியாக்கி, அவ்விடத்தில் கீரை, அவரை, பருப்பு, மீன் ஆகியவற்றை வையுங்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்னும் நபிவழி நாம் அறியாததன்று. பிரியாணித் தட்டின் முன் அது மறந்துவிடுகின்றது. நோன்புக் காலத்தில் பகலெல்லாம் பசித்திருந்துவிட்டு, இஃப்தாரில் கஞ்சியோடு வடையும் சமோசாவும் அடுக்கினால் எடை எவ்வாறு குறையும்? மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு அளவை மாற்றிக்கொள்வது அவசியம்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற நமது கம்பம் பன்னீர் திராட்சையையும் சாறாகப் பிழிந்து சர்க்கரை சேர்க்காமல், ஒரு சிறு கொத்தாகத் தோலோடு மென்று தின்னலாம்.